நாற்பத்தொன்றாம் எண்

ஜூன் 8

என் மகளின் அம்மாவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். நலம் விசாரித்துக்கொள்ளும் நிலையில் நாம் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். குட்டி பகலெல்லாம் தூங்குகிறாள், கண்டபடி எடை ஏறிவிட்டாள் என்று உன் தம்பி சொல்லிச் சிரித்தான். இரண்டு வருடமாக என் கண்ணில் காட்டாமல் நீ வளர்த்த லட்சணம் இதுதானா?

ஊரடங்கில் மாணவர்கள் எல்லாரும் இப்படித்தான் கெட்டுப்போகிறார்கள். பல்கலைக்கழகத்துக் கல்லூரிகளுக்கெல்லாம் சேர்த்து காலையில் கணினி வழியே உடற்பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். அங்கே பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சலுகை கேட்பார்கள். மைக் அணைந்திருக்க வேண்டும்; முழு உடம்பும் தெரியும்படி கேமராவைத் தள்ளி வைக்க வேண்டும். நேற்று நாற்பத்தொன்று என்கிற பெண்ணால் குனிந்து முழங்காலைக்கூடத் தொட முடியவில்லை. எடை இயந்திரத்தில் ஏறச் சொல்லி, முள் நின்ற இடத்தைக் காட்டச் சொல்லி, எல்லாரும் கேட்க வாசித்தேன். "மூட்டை தூக்குறவங்களப் பாத்திருக்கேன். மூட்டையே குனிய முயற்சி பண்றத இப்பத்தான் பாக்குறேன்" என்றேன். அத்தனை பேரும் சிரித்தார்கள். இனி அந்தப் பெண் உருப்படுவாள். அந்தக் கண்டிப்பு உன் வீட்டில் இல்லை.

இப்படிக்கு,
அவள் அப்பா


ஜூன் 10

பயிற்சி ஆசிரியருக்கு,

நாற்பத்தொன்று உங்கள் மகள்.

அந்த வகுப்புக்கு வேறு ஆசிரியர்களும் இருந்தார்கள். உங்கள் பெயரைப் பார்த்துத்தான் சேர்ந்தாள். "அப்பா என்னப் பாத்ததும் முகம் எப்படிப் போகுதுன்னு பாக்கணும்மா" என்றாள். முதல் நாள் நீங்கள் கண்டுகொள்ளவில்லை. எல்லார் முன்னாலும் மகளென்று எப்படிக் காட்டிக்கொள்வார் என்று உங்களுக்காக அவளே சாக்குச் சொன்னாள். நீங்கள் எடையை வாசித்ததற்குப் பிறகு அந்தச் சாக்கை அவள் சொல்வதில்லை.

பகல் தூக்கம் பற்றிக் கேட்டீர்கள். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு இரவு வேலை. நான் நோயில்லாமல் திரும்பி வரும்வரை அவள் கண் மூடுவதில்லை. பயத்தில் எதையாவது கொறித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அப்புறம் தூங்காமலே உங்கள் வகுப்புக்கு வந்து நிற்பாள்.

பார்க்க வராதீர்கள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எழுதாதீர்கள் என்று இப்போது சொல்கிறேன்.

அவள் அம்மா


ஜூன் 12

அவள் அம்மாவுக்கு,

முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். பின்னால் ஜன்னல் வெளிச்சம். முகம் கட்டைவிரல் நகமளவு தெரிந்தது. எந்தத் தகப்பனுக்கு அடையாளம் தெரியும்? சேரும்போதே நீ ஒரு வரி எழுதியிருக்கலாம். வாய் திறக்காமலிருந்து என்னைக் குழியில் தள்ளினாய். கல்யாணமான நாளிலிருந்து உனக்கு அதே பழக்கம்தான்.

இன்றும் வகுப்புக்கு வந்தாள். கேமராவை மட்டும் அணைத்திருந்தாள். அணைத்தவர்களை நான் வெளியேற்றிவிடுவது வழக்கம். வெளியேற்றவில்லை. வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் அவளுடைய கறுப்புக் கட்டம் அப்படியே இருந்தது. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது.

"சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

உடனே கட்டம் மறைந்துவிட்டது.

நான் குத்திக் காட்டவில்லை. பெற்ற பிள்ளையிடம் யாரும் முதலில் கேட்பதைத்தான் கேட்டேன். இதை அவளிடம் சொல். எனக்காக நீ எதையும் சொல்லமாட்டாய் என்று தெரியும், ஆனாலும் சொல்.

அப்பா