அண்ணையின் கையில் பியர் பெட்டி

யூலை 28, 1997. திங்கள். ரொறன்ரோ

வெக்கை. விசிறி இரண்டு ஓடியும் வீட்டுக்குள் காற்றில்லை.

வேலையில் லேபல் ஒட்டும் மெஷின் திரும்பவும் கோளாறு. பின்னேரம் வரை கையால் ஒட்டினோம். நகத்துக்குள் பசை. தலைமயிரில் அந்தப் பார்லி அவிகிற மணம். மா வறுத்த குசினி மாதிரி. எனக்குப் பிடிக்கும், வெளியில் சொல்வதில்லை. சொந்தக்காரருக்கு நான் வேலை செய்வது "போத்தில் கொம்பனி". பியர் வடிக்கிற இடம் என்று வீட்டில் இவரைத் தவிர அண்ணைக்கு மட்டும் தெரியும்.

இன்று செய்ய இருந்தவை: பஸ் பாஸ். கறிவேப்பிலை. மொன்றியலுக்கு, அண்ணைக்கு ரெலிபோன்.

முதல் இரண்டும் சரி. அண்ணையின் நம்பரை அடித்தால் ஒருத்தி பிரெஞ்சில் ஏதோ சொல்லி, பிறகு இங்கிலிசில்: இந்த இலக்கம் பாவனையில் இல்லை. மூன்று தரம் அடித்தேன். மூன்று தரமும் அவள்தான்.

அதற்கு முதலே மனம் சரியில்லை. கறிவேப்பிலை வாங்க அஜின்கோர்ட் கடைக்குப் போன இடத்தில் செல்வம் அங்கிள். போன கிழமை மொன்றியலுக்கு ஒரு சாமத்திய வீட்டுக்குப் போய் வந்தவர். மரக்கறித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, இரகசியம் என்று அவர் நினைக்கிற குரலில்:

"பிள்ளை, சொல்லுறனெண்டு குறை நினையாதை. உன்ர கொண்ணை தவத்தைக் கண்டனான். காலமை ஒரு கடை வாசல்லை பியர் பெட்டியோட நிக்கிறான். பின்னேரம் அதாலை திரும்பி வரேக்கையும் அதே இடத்திலை, கையிலை வேறை பெட்டி. காரை நிப்பாட்ட ஏலாமல் போச்சு."

"வேறை ஆருமா இருக்கும் அங்கிள்."

"எனக்குத் தவத்தைத் தெரியாதே?"

கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மிச்சக் காசை வாங்கவில்லை என்று பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது.

யூலை 29. செவ்வாய்

நித்திரை இல்லை. வெக்கையால் என்று இவருக்குச் சொன்னேன்.

அண்ணை மொன்றியலுக்குத் தனிய வந்தவர். அவர் மனைவி, எனக்கு மச்சாள், மகள் ஆரணியோடு கொழும்பில் ஒரு அறையில். வந்த இரண்டாம் வருடம் குடிக்கத் தொடங்கினார். வேலை போனது. நானும் இவரும் போய் ஒரு பனிக்காலத்தில் அவரை இங்கே கூட்டி வந்து வைத்திருந்தோம். ஒருநாள் தானாகவே விட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவர் சொல்லவும் இல்லை. திரும்ப மொன்றியல், திரும்ப வேலை, மச்சாளுக்கும் பிள்ளைக்கும் ஸ்பொன்சர். இப்போது விசா கிடைத்து, டிக்கட்டும் போட்டாயிற்று. அடுத்த மாதக் கடைசியில் வருகிறார்கள்.

இப்போது போய்த் திரும்பவும் குடியா?

காலை வேலைக்கு வெளிக்கிடும்போது கொழும்பிலிருந்து மச்சாள். கொம்யூனிகேஷன் கடையில் நின்று ரெலிபோன் எடுக்கிறா, பின்னால் ஒரே இரைச்சல்.

"வசந்தி, உங்கட அண்ணை இரண்டு கிழமையா எடுக்கேல்லை. சுகமா இருக்கிறாரோ?"

"ஓம் மச்சாள். வேலை கூடவாம்."

"குடிக்கிறாரோ?"

நேரே கேட்டுவிட்டா. நான் கதவில் தொங்கிய இவரின் கோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், "இல்லை மச்சாள்."

"நீங்கள் சொன்னாச் சரி."

அவ்வளவுதான், லைன் விட்டுப் போனது. அந்த "சரி" பகல் முழுக்கக் காதுக்குள்.

இரவு இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். கை கழுவிவிட்டு வந்து, "லோங் வீக்கெண்ட் வருது. போய்ப் பாப்பம். இஞ்சை இருந்து யோசிச்சு என்ன செய்யிறது" என்றார். காரின் ஒயில் பார்க்கப் போய்விட்டார்.

யூலை 31. வியாழன்

கொஞ்சம் மழை. போதாது.

மொன்றியலுக்குப் போகிறேன் என்றதும் முதலாளி பீற்றருக்கு ஒரே சந்தோசம். ஏன் போகிறேன் என்று கேட்கவே இல்லை. அங்கே கியூபெக் மாகாணத்தில் சின்னச் சின்ன ஆட்கள் புதுப்புது விதமாகப் பியர் வடிக்கிறார்களாம். நாங்கள் இங்கே செய்வது இங்கிலாந்துப் பழக்கம், சிவப்பு நிறம், தெளிவு. அங்கே பெல்ஜியம் பழக்கம், கலங்கல், அடியில் மண்டி. மேற்குக் கரையில் கசப்பு. நாடு ஒன்று, நாக்கு வேறு என்கிறார். ஒவ்வொரு விதத்திலும் ஒரு போத்தில் வாங்கி வரட்டாம், விலையும் பார்த்து வரட்டாம்.

"ஒரு கடையில் மட்டும் பார்க்காதே. ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு விலை."

அதெப்படி என்று யோசித்தேன். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில், இங்கே மல்வேர்னில் வாங்கினாலும் ஒன்றுதான், வடக்கே எந்த மூலையில் வாங்கினாலும் ஒன்றுதான். பியருக்கென்று இருக்கிற கடை, வரிசை, ஒரே விலை. தலையாட்டினேன். என் தலைக்குள் இருந்தது ஒரே ஒரு பெட்டி. அதை யார் கையில் பார்ப்பேன் என்பதுதான்.

ஓகஸ்ட் 2. சனி. மொன்றியல்

விடியமுன் வெளிக்கிட்டோம். புட்டும் சம்பலும் கட்டி எடுத்தது. 401 நெடுஞ்சாலை வெறிச்சென்று. அஜக்ஸ் தாண்டும்வரை இவர் வானொலி கேட்டார், பிறகு நிறுத்திவிட்டார். கிங்ஸ்ரனில் கோப்பி. அதற்கப்பால் நல்ல மழை.

வழி முழுக்க என்ன கதைப்பது என்று மனதுக்குள் ஒத்திகை. கோபமாக ஒன்று. அழுகையாக ஒன்று. மச்சாளை வரவேண்டாம் என்று சொல்லவா என்று கேட்பதாக ஒன்று. அதுதான் கொடுமையானது, அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

அண்ணையின் பழைய வீட்டுக் கதவை ஒரு கறுப்பினப் பெண் திறந்தாள், இடுப்பில் குழந்தை. அவளுக்குத் தவம் என்று யாரையும் தெரியாது. கீழே வந்தால் கட்டிடக் காவல்காரக் கிழவர். அண்ணையின் படத்தைக் காட்டினேன். முகம் மலர்ந்து பிரெஞ்சில் நிறையச் சொன்னார். எனக்கு விளங்கிய ஒரே சொல் "பியேர்", பியர்தான். தோளில் பெட்டி வைக்கிற மாதிரிக் கையால் வேறு செய்து காட்டினார். பிறகு தெரு முனையைக் காட்டினார்.

அந்தப் பக்கம் நடந்தோம். இவர் என் கையைப் பிடித்தார். தெருவில் கை பிடிக்கிற ஆள் இல்லை.

முனையில் ஒரு சின்னக் கடை. வாசலில் தக்காளித் தட்டு, வாழைப்பழம். கண்ணாடியில் கையால் எழுதிய மட்டைகள், எல்லாம் பியர் விலை. ஒரு கிழவி பாலும் பாணும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் ஒருவன் பியரோடு வந்தான். அதே கதவு, அதே பை.

அப்போது நிலவறைப் படியால் ஏறி அண்ணை. தோளில் பெட்டி. இடுப்பில் ஏப்ரன். காதில் பேனை.

"அண்ணை!"

பெட்டியைக் கீழே வைத்தார். "வசந்தி? என்னடி, சொல்லாமல் கொள்ளாமல்? ஆருக்கும் ஏதுமோ?"

ஒத்திகை பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டு, கிட்டப் போய் நின்றேன். மோந்து பார்த்தேன். மட்டை மணம், வியர்வை, சவர்க்காரம். நான் எதை மோந்து பார்க்கிறேன் என்று அவருக்கும் விளங்கிவிட்டது. இன்னும் ஒரு அடி கிட்ட வந்து, நான் ஆறுதலாக மோந்து முடிக்கும்வரை அப்படியே நின்றார்.

பிறகுதான் அழுதேன். கடைக்குள் நின்ற ஒருத்தி கண் துடைக்க எனக்கு ரிசு தந்தாள்.

நடந்தது இதுதான். கடைக்காரர் ஒரு கிரேக்கர், வயது போய்விட்டது. அண்ணை அவரிடம் மாலை வேலைக்குச் சேர்ந்து, இப்போது பாதிப் பங்குக்காரர். கடைக்கு மேலேயே வீடு. மாறி வந்தபோது ரெலிபோன் வெட்டியாயிற்று, புதியது இன்னும் வரவில்லை. கடையிலிருந்து எனக்கு இரண்டு தரம் பகலில் எடுத்தாராம். பகலில் எங்கள் வீட்டில் யார்? இரவு கடை பூட்டும்போது நாங்கள் நித்திரை என்று விட்டுவிட்டாராம்.

"மச்சாளுக்கு ஏன் எடுக்கேல்லை?"

"எடுத்தா எங்கையிருந்து எண்டு கேப்பாள். பியர் விக்கிற கடையிலை நிக்கிறன் எண்டு அவளுக்கு என்னெண்டு சொல்லுறது? வந்து கண்ணாலை பாக்கட்டும் எண்டு இருந்தன்."

"இஞ்சை உப்பிடி மரக்கறிக் கடையிலை உதுகளை விக்கலாமோ?"

"இஞ்சை மூலைக்கு மூலை உதுதான். உங்கட ரொறன்ரோவிலைதான் அதுக்கெண்டு தனிக்கோயில்."

இவர் முதலில் சிரித்தார். பிறகு நாங்கள் எல்லோரும்.

அண்ணை பெட்டியை அடுக்கிக்கொண்டிருக்க, மெல்லக் கேட்டேன், "நாள் முழுக்க உதுக்குள்ளை நிக்கிறது கஷ்டமில்லையோ?"

"முதல் கிழமை கஷ்டம். இப்ப எனக்கு உது பால் பெட்டி மாதிரி. பாரம், விலை, எங்கை அடுக்கிறது." ஒரு பெட்டியைத் தூக்கி வைத்தார். "சிலநேரம் போத்தில் உடைஞ்சு மணக்கும். அப்ப வெளியிலை போய் நிப்பன். அந்தக் கிரேக்கர் கூட்டித் துடைச்சுப்போட்டுக் கூப்பிடுவார்."

பொய் சொல்லியிருந்தால் "ஒண்டுமில்லை" என்றிருப்பார். இதைக் கேட்ட பிறகுதான் நம்பினேன். ஐந்து நாளில் முதல்தரமாகப் பசித்தது. புட்டு முழுக்க நானே சாப்பிட்டேன்.

ஓகஸ்ட் 3. ஞாயிறு. மொன்றியல்

வெயில், ஆனால் நல்ல காற்று. மேலே ஆரணிக்கென்று ஒரு சின்ன அறை. அண்ணையே பூசிய மஞ்சள் நிறம், ஒரு சுவர் இன்னும் மிச்சம். அவர் கடையில் நிற்க, இவர் அதைப் பூசி முடித்தார். கையெல்லாம் மஞ்சள்.

பீற்றருக்காக அண்ணையோடு அலுமாரி அலுமாரியாகப் பார்த்தேன். வெள்ளைப் பியர் என்று ஒன்று, கஞ்சித் தண்ணி நிறம். கறுப்பு ஒன்று, பனங்கட்டிப் பாணிபோல. பிசாசுப் படம் போட்டவை, படகுப் படம் போட்டவை. சிலதுக்குத் தக்கை அடித்துக் கம்பி கட்டியிருக்கிறது. பிறகு அதே தெருவில் வேறு இரண்டு கடைகள். பீற்றர் சொன்னது சரி. ஒரே போத்தில், மூன்று கடையில் மூன்று விலை. சந்தியில் விலை கூட, தெருவுக்குள்ளே குறைவு. எதிர்க்கடைக்காரன் காலையில் மட்டையை மாற்றினால், அண்ணை மத்தியானம் மாற்றுவாராம்.

"உவன் நேற்று அம்பது சதம் குறைச்சவன். நான் இண்டைக்கு வாழைப்பழத்தைக் குறைச்சன். ஆக்கள் பழத்துக்கு வந்து பியரோட போகினம்." அண்ணையின் முகத்தில் அப்படி ஒரு குறும்பு. பள்ளிக்கூடக் காலத்துக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன்.

வெள்ளைப் பியரில் கொத்தமல்லி போடுகிறார்களாம்! தோடம்பழத் தோலும். நம்பவில்லை. மேலே கொண்டுபோய் இவர் ஒன்றைத் திறந்தார்.

"எப்பிடி?"

"தடிமன், காய்ச்சலுக்குக் குடிக்கலாம்" என்றார். கிளாசை முடித்தார்.

நான் விரல் நுனியை வைத்துப் பார்த்தேன். ஓம், கொத்தமல்லிதான். அவ்வளவு போத்திலுக்கு லேபல் ஒட்டிய எனக்கு இதுதான் முதல் துளி.

பின்னேரம் கடை ரெலிபோனில் கொழும்புக்கு. அங்கே விடியப்புறம், வீட்டுக்கார அம்மா எழுப்பிவிட்டா. நான் முதலில் "மச்சாள், பயப்பிடாதேங்கோ, இந்தாங்கோ அண்ணை" என்று கொடுத்துவிட்டேன். அண்ணை ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். கடை, பங்கு, மேல்வீடு, பியர். பியரைக் கடைசியில் சொன்னார். அண்ணையின் கை ரெலிபோன் வயரை முறுக்கிக்கொண்டே இருந்தது. பிறகு நானும் காதை வைத்து மச்சாள் சொல்வதைக் கேட்டேன்.

"கடையிலை பாலும் இருக்குதோ?"

"ஓம், பால், பாண், மரக்கறி, எல்லாம் இருக்கு."

"அப்ப நான் வந்து பால் பக்கத்தைப் பாக்கிறன். மற்றப் பக்கத்தையும் பாப்பன். உங்களையும் பாப்பன்."

அண்ணை "ஓம்" என்றார். ரெலிபோனை என்னிடம் தந்துவிட்டு நிலவறைக்குப் போய்விட்டார். ஆரணி இடையில் புகுந்து, கடையில் என்ன சொக்கிளேற் இருக்கிறது என்று என்னிடம் விசாரணை.

ஓகஸ்ட் 4. திங்கள்

எங்களுக்கு லீவு, கியூபெக்கில் இல்லை. அண்ணை கடை திறந்தபடி கையாட்டினார். வழியெல்லாம் நித்திரை கொண்டேன் என்று இவர் சொல்கிறார். குறட்டையாம். பொய்.

ஓகஸ்ட் 5. செவ்வாய்

வெக்கை முறிந்தது.

பீற்றர் போத்தில்களை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார், சின்னப்பிள்ளை மாதிரி. விலைகளைச் சொன்னேன். கொத்தமல்லி வறுத்துப் போடுகிறார்களா, பச்சையாகவா என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. இரண்டு விதமாகவும் செய்து பார்ப்போமா என்கிறார். வெள்ளிக்கிழமை கொத்தமல்லி வாங்கிப் போகவேண்டும்.

பின்னேரம் செல்வம் அங்கிளுக்கு நானே ரெலிபோன் எடுத்தேன். மரக்கறித் தட்டுக்குப் பக்கத்தில் சொன்ன கதை இதற்குள் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும்.

"அங்கிள், அண்ணை குடிக்கேல்லை. கடை நடத்துறார். அங்கை பாலும் பாணும் விக்கிற கடையிலையே பியரும் விக்கலாம். நீங்கள் கண்டது அவர் சாமான் இறக்கினதை."

"பாண் கடையிலையோ?"

"ஓம் அங்கிள். அவர் தொடுறேல்லை. நீங்கள் சொன்ன ஆக்களுக்கெல்லாம் இதையும் சொல்லிவிடுங்கோ."

"சொல்லுறன், சொல்லுறன். நல்ல விசயம்தானே." தொண்டையைச் செருமினார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப பிள்ளை, அங்கை பியர் இஞ்சத்தை விலையிலும் மலிவோ?"

"ஓம், மலிவுதான்."

"எவ்வளவு மலிவு?"

சொன்னேன்.

"கொஞ்சம் பொறு," என்றார், "பேனை எடுத்துக்கொண்டு வாறன். உன்ர கொண்ணையின்ர கடை எந்தத் தெரு?"