கேள்வி கேட்காமல் மூடும் திரை

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு உங்கள் குரல் கேட்டது மச்சி. அடுப்பை அணைக்காமலே ஓடினேன். கொம்பியூட்டரின் முன்னால் என் மகள், உங்கள் தம்பியின் பிள்ளை. திரையில் மீன், நண்டு, கொக்கு. அவள் நண்டை அழுத்தியிருக்கிறாள். நீங்கள் சொன்னீர்கள்: "மாஷா அல்லாஹ், சரி வாப்பா."

நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போய் இரண்டு நோன்புப் பெருநாள் ஆகிவிட்டது. இந்த மடலுக்கு இவ்வளவு காலமும் கை வரவில்லை. இன்று நிற்காமல் வருகிறது.

இந்த விளையாட்டைச் செய்த நாளில் இவள் என் வயிற்றில். நீங்கள் டீச்சராயிருந்த பாலர் நேசரிக்கு மருதமுனைக் கைத்தறி முதலாளி கொம்பியூட்டர் ஒன்றை இரவல் தந்திருந்தார். பெற்றார் தினத்தில் சனம் மெச்சினால் அங்கேயே இருக்கும், இல்லாவிட்டால் திருப்பி எடுப்பேன் என்றிருந்தார். நான் ஸ்லைட்களில் கேள்வி விளையாட்டுச் செய்தேன், எல்லாப் பிள்ளைகளையும் செல்லமாக 'வாப்பா' என்று கூப்பிடும் உங்கள் குரலைப் பதிந்து சேர்த்தேன். சரியான படத்தைத் தொட்டால் அதன் கட்டம் பச்சையாகும்.

ஒத்திகையில் முதல் பிள்ளை விளையாடி மூடியதும், மாற்றங்களைச் சேமிக்கவா என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி கேட்டது. பிள்ளை 'யெஸ்'ஸைத் தட்டியது. அடுத்த பிள்ளை வந்தபோது நண்டு ஏற்கெனவே பச்சை. அதற்கடுத்த பிள்ளைக்கு எல்லாமே பச்சை.

"எல்லாருக்கும் எல்லாம் சரியெண்டா, நேசரி முழுக்க டொக்டர்மார்தான் புள்ள" என்று சிரித்தீர்கள்.

"'நோ'வ அமத்தச் செல்லிக் குடுங்க மச்சி."

"ஆரும் கேட்டா ஓம் எண்டு செல்லணும் எண்டு வீட்டில பழக்கி அனுப்பிரிக்காங்க. நாம இல்லை எண்டு பழக்கிறதா? கேக்கிறவரப் பேசாம இருக்கச் செய்."

எப்போதும்போல் பயந்துகொண்டே வழி தேடினேன். எல்லாம் சேமித்தாயிற்று என்று கொம்பியூட்டருக்குச் சொல்ல, தொட்டதும் ஓடும் கட்டளையான மெக்ரோவில் ஒரே ஒரு வரி போதுமாம். வெளியேறும் பட்டனில் அதை எழுதினேன். ஒரு வாண்டு பட்டனை விட்டுவிட்டு கீபோர்ட் மூலையிலிருந்த எஸ்கேப்பைத் தட்ட, பெட்டி திரும்பவும் வந்தது. பிறகு ஒவ்வொரு படத்தின் மெக்ரோவிலும், நிறம் மாறியதற்கு அடுத்ததாக, அந்த வரியைச் சேர்த்தேன்.

"சேமிக்காம சேமிச்சாச்சு எண்டா, பொய்யில்லையா?"

"சேமிக்க ஒண்டுமில்லை எண்டுதான் செல்றோம் மச்சி."

"அப்பச் சரி. பாவம் வந்தா உன்ட கணக்கில."

பெற்றார் தினத்தில் பிள்ளை எதைத் தட்டினாலும் திரை பேசாமல் மூடியது. அடுத்த பிள்ளைக்குக் கட்டங்கள் எல்லாம் வெள்ளையாகவே இருந்தன. முதலாளியும் ஆசைப்பட்டு உட்கார்ந்தார். கேள்வி மீனுக்கு, அவர் தொட்டது கொக்கை. "இன்னொருக்காப் பாருங்க வாப்பா" என்றது உங்கள் குரல். மண்டபமே சிரித்தது, அவரும்தான். கொம்பியூட்டர் அங்கேயே நின்றுவிட்டது. அந்த விளையாட்டை ஒரு டிஸ்க்கில் எடுத்துவந்து வீட்டுக் கொம்பியூட்டரில் போட்டேன்.

இன்று மகளைக் கண்டதும் மவுஸை வாங்கிக்கொண்டேன். கண்டபடி தட்டி, கேட்டதற்கெல்லாம் ஓம் சொல்லி, உங்களை அழித்துவிட்டாளோ? மூடிப் பார்த்தேன். ஒரு கேள்வியும் வரவில்லை. திரும்பத் திறந்தேன். நண்டு வெள்ளையாக இருந்தது. அந்த வரி இன்னும் காவல் நிற்கிறது மச்சி. உங்கள் குரலுக்கும் சேர்த்துத்தான் அதை எழுதினேன் என்று அன்று எனக்குத் தெரியாது.

அவளை மடியில் வைத்துக்கொண்டேன். இனி எத்தனை தரமும் தட்டட்டும். மீனைக் கேட்டால் கொக்கைத் தொட்டாள்.

"இன்னொருக்காப் பாருங்க வாப்பா" என்றீர்கள்.

"ஓம் மாமி" என்றாள்.