நீ நிறுத்திய இடம்

படங்களைப் பாதியில் விட்டுப் போகிறவளுக்கு,

என் செல்லை உன் அத்தா எடுத்துப் பார்ப்பார். அதனால்தான் இதை எழுதி உன் சினேகிதி முபீனாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு நீ செல்லூருக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. நீ படம் பார்க்கிற கணக்கு மட்டும் இன்னும் நம் டிவியில் கிடக்கிறது. அங்கே நீ செல்லில் பார்க்கும் படமெல்லாம் இங்கே பாதியில் வந்து நிற்கிறது. ஒரு படத்தையாவது முழுசாகப் பார்க்க மாட்டாயா?

இன்றைக்குத் துணி துவைத்து, மீன் ஆணம் காய்ச்சி, பாத்திரம் கழுவிவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தேன். உன் அத்தா நீ நிறுத்திய இடத்திலிருந்தே படத்தை ஓடவிட்டார். தினமும் இதே கூத்துதான்.

"முதல்லருந்து போடுங்களேன். அம்புட்டுப் பேரும் எதுக்கு அழுவுறாங்கன்னே தெரியல!" என்றேன்.

"பேசாமப் பாரு. அவ இதுவரைக்கும் பாத்துட்டாள்ல" என்றார். வீட்டில் உன் பேச்சையே எடுக்கக்கூடாது என்று எனக்குச் சட்டம் போட்ட மனுஷன்!

படம் முடிந்ததும் எழுந்தாரா? இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரிமோட்டை அழுத்தி அழுத்திப் பின்னால் தள்ளி, நீ நிறுத்திய இடத்திலேயே கொண்டுபோய் விட்ட பிறகுதான் டிவியை அணைத்தார். அதுவரை ஆணம் ஆறிக் கிடந்தது.

இந்த மனுஷனோடு என்னால் முடியாது. வெள்ளிக்கிழமை மதியம் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வா. முதல் பாதிக் கதையை நீ சொல்லு. மீதியை அத்தா சொல்வார்.

இப்படிக்கு,
ஒரு படத்துக்கும் தலை தெரியாத உன் அம்மா