உதிராத சிவப்பிலை

ஆரணி,
9-4-1979

அன்பு மகன் தருமனுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், பூனாவில் உனக்கும் உடம்புக்கு ஒன்றும் வராமல் ரேணுகாம்பாள் பார்த்துக்கொள்ளட்டும். உன் கடிதம் கிடைத்தது. நர்சரி வேலையை விட்டுவிட்டுச் சித்திரையில் வந்துவிடுகிறேன், பட்டு முதலாளி தனகோடி தருவதாகச் சொன்ன அவர் வீட்டுப் பின்பக்கத்து இடத்தில் கலர் இலைச் செடிகள் வளர்த்து விற்கலாம் என்று எழுதியிருக்கிறாய். வராதே.

போன ஆடியில் நீ கொண்டுவந்து அவர் வாசலில் நட்ட சிவப்பிலைச் செடி கார்த்திகை வரைக்கும் கூறைப்புடவை மாதிரி நின்றது, அதைப் பார்த்துத்தான் அந்த மனுஷன் இடம் தருகிறேன் என்றதே. மார்கழியில் நீ சொன்னபடி இலை முழுக்கக் கொட்டிவிட்டது. பங்குனியில் துளிர்க்கும், யாரும் தொடாதீர்கள் என்று நானும் சொன்னேன். தையில் முதலாளி மகள் நிச்சயத்துக்குச் சம்பந்தி வீட்டார் வருகிற சமயம், முதலாளி சம்சாரம் லீலா, வாசல்ல பட்டுப்போன குச்சிய வெச்சிகினு எப்படிடா வேடியப்பா பொண்ணு குடுக்கறது என்று பிடித்துக்கொண்டாள். நுனியைக் கிள்ளிப் பால் வருவதைக் காட்டினேன். முதலாளி கேட்கவில்லை. வெள்ளப் பட்டுக்கே கலர் ஏத்தறோம், இந்தக் குச்சிக்கு ஏறாதா, ஜல்தியா ஊத்துங்கடா என்று தொட்டியில் மிச்சமிருந்த அரக்குச் சாயத்தைக் கொதிக்கக் கொதிக்க வேரில் ஊற்றச் சொன்னார். வேணாங்க, அது தூங்கினு இருக்குதுங்க என்றேன். உன் மவன் பூனாவுல புல்லு புடுங்கறவன், அவன் பேச்ச எனக்குச் சொல்றியா என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பங்குனி முடியப் போகிறது, கிள்ளினால் பால் இல்லை, தோண்டிப் பார்த்தேன், வேர் சிவந்து அழுகிக் கிடந்தது. இப்போது அந்த வீட்டில் பேச்சு என்ன தெரியுமா, காலனிக்காரன் கை பட்ட செடி எப்படி விளங்கும் என்று. இடம் இல்லை என்று வாயால் சொல்லவில்லை, பின்பக்கம் முழுக்க விறகை அடுக்கிவிட்டார்கள். சாயம் ஊத்தச் சொன்ன வாய் நல்ல வாயி, தண்ணி ஊத்துன கைதான் தீட்டா என்று உன் அம்மா தெருவில் நின்று கத்தினாள், ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. நான் இன்னமும் அங்கேதான் வேலைக்குப் போகிறேன், வேறு எங்கே போவது. வாசலில் உன் செடி நின்ற அதே இடத்தில் மெட்ராஸிலிருந்து பிளாஸ்டிக் செடி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள், அதுவும் சிவப்பிலைதான். தினமும் ஈரத் துணியால் புழுதி துடைப்பது என் வேலை. அது உதிரவும் உதிராது, துளிர்க்கவும் துளிர்க்காது, எல்லோருக்கும் திருப்தி.

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்திருந்தால் ஓடிப்போய்த் திரும்ப வாங்கிக்கொள். வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. நீ நன்றாக இருக்க வேண்டும். இலை உதிர்ந்தால் காத்திருக்கத் தெரிந்தவர்கள் நடுவிலேயே இரு.

உன் அப்பா,
வேடியப்பன்