அம்மா கையெழுத்துப் போடவில்லை

விருத்தாசலம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கனிஷ்காவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அவ்வளவு தூரத்தில் நீ மனசு சோர்ந்துபோகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுதல். போன வாரம் போனில், ஒனக்கு எதுக்குடி ஊர் வம்பு என்று கத்திவிட்டு வைத்தேன், அதற்குப் பிறகு உன்னோடு பேச வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அதற்கு முதல் நாள்தான் உங்கள் சட்டக் கல்லூரியிலிருந்து ரிஜிஸ்டர் தபால் வந்திருந்தது. இங்கிலீஷில் இருந்ததால் வக்கீல் கயல்விழியிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னேன். உன் ஜூனியர் பெண் இளமதியிடம் பேராசிரியர் தப்பாக நடந்துகொண்டதைப் பார்த்தேன் என்று விசாரணைக் கமிட்டியில் சாட்சி சொன்னாய் அல்லவா, அது அவசரத்தில் சொன்னது, வாபஸ் வாங்குகிறோம் என்று பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டுமாம், இல்லாவிட்டால் நீ பரீட்சை எழுத முடியாதாம். உன் மாமா சாமிதுரை, போட்டுக் குடுத்துடும்மா, இன்னும் ஒரு வருஷந்தான இருக்குது என்றார். அப்பா சாப்பிடாமலே வேலைக்குப் போய்விட்டார். நானும் பேனாவை எடுத்துவிட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ எட்டாவது படிக்கும்போது எங்கள் பீங்கான் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த வேம்புவின் கை மண் அரைக்கிற மிஷினில் சிக்கி மூன்று விரல் போனது. மிஷினின் மூடி கழன்று ஒரு மாதமாக மாட்டாமல் கிடந்தது, பக்கத்தில் வேலை செய்த எனக்குத் தெரியும். விசாரிக்க வந்த அதிகாரி கேட்டபோது, நான் கவனிக்கலீங்க சார் என்றேன். வேலை போய்விடும் என்ற பயம். வேம்புவின் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

பேனாவை எடுத்தபோது அவள் முகம்தான் வந்து நின்றது. அப்படியே வைத்துவிட்டுப் பஸ் ஏறிக் கம்மாபுரம் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா, ஒன் பொண்ணயாவது பின்வாங்கச் சொல்லிடாத என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள், குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

என் மகள் பார்த்ததைச் சொன்னாள், அதை வாபஸ் வாங்க நான் யார் என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். கயல்விழி அதை இங்கிலீஷில் மாற்றி, பரீட்சைக்குத் தடை போட்டால் கோர்ட்டுக்குப் போவோம் என்றும் சேர்த்து அனுப்பினார். அப்பாவும் அதில் கையெழுத்துப் போட்டார். நேற்று கயல்விழிக்கு ஈமெயிலில் பதில் வந்துவிட்டது, நீ பரீட்சை எழுதலாம். ஆனால் இருபதாம் தேதி உன்னை மறுபடி விசாரிப்பார்களாம்.

அன்றைக்கு நான் அங்கே இருப்பேன், லீவு சொல்லிவிட்டேன். உள்ளே விடாவிட்டால் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். இளமதியின் அம்மாவால் வர முடியாது என்று சொன்னாயே, இளமதிக்கும் சேர்த்துத்தான் வருகிறேன் என்று அவளிடம் சொல். கேட்டதற்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல், காலையில் வெறும் வயிற்றோடு போகாதே. நீ நன்றாக இருப்பாய் கண்ணு.

உன் அம்மா
பூங்கோதை