மேற்குக் கைப்பிடிச் சுவர்

அக்டோபர் 7, செவ்வாய்

வெயில். ஐப்பசி வரப் போற மாதிரியே தெரியல. சிதம்பரத்துல 6.40 பஸ், புதுச்சத்திரம் வரைக்கும் நின்னுட்டே வந்தேன். கால் கடுப்பு.

இன்னிக்கு வேலை:
சுண்ணாம்புல கலக்கக் கடுக்காய்த் தண்ணி ஊறினதா பாக்கணும்.
மாடி வடிகால் அடைப்பு.
அம்மா முட்டிக்குத் தைலம் (மறந்துட்டேன்).

கெடிலக்கரை பங்களாவுக்கு உதவிப் பொறியாளரா வந்து நாலு மாசம். வெள்ளைக்காரன் காலத்து உப்பு இலாகா துரை கட்டினது. அப்புறம் தாலுகா கச்சேரி, ரெக்கார்டு ரூம், ரேஷன் கோடவுன். பெரிய புயல்ல கதவு போனதும் வவ்வால் குடித்தனம். இப்ப பாரம்பரியக் கட்டடமாம். தீபாவளி முடிஞ்சதும் திறப்பு விழா. அதுக்குள்ள முடிக்கணும்னு செ.பொ. தினம் ரெண்டு போன். செயற்பொறியாளர்ங்கறதைவிட அலாரம்னு சொல்லலாம் அந்த மனுஷன.

வாசல் கல்வெட்டுக்கு வாசகம் வந்திருக்கு, சென்னை ஆலோசகர் எழுதினது. 'இம்மாளிகையைச் சுற்றியே கடலூர் நகரம் வளர்ந்தது.' ஆஹா! ஓல்டு டவுன் தறிக்காரங்க, உப்பளத்து ஆளுங்க, துறைமுகத்துல மூட்டை தூக்கினவங்க எல்லாம் துரை வந்து வீடு கட்டட்டும்னு கைய கட்டிட்டு நின்னாங்களா? ஊரு இருந்துச்சு, அதனாலதான் துரை வந்தாரு. பென்சில்ல அடிச்சு வெச்சேன். யாரும் கேக்கல.

அக்டோபர் 8, புதன்

மொட்டை மாடி. மேற்குக் கைப்பிடிச் சுவர், உள்பக்கம். பழைய வெள்ளைய சுரண்டச் சுரண்ட, அடியில வட்டம். பூச்சு ஈரமா இருக்கறப்ப அமுக்கின தடம். ஒண்ணு, ரெண்டு... மொத்தம் பதினொண்ணு. ரெண்டு அடிக்கு ஒண்ணுன்னு வரிசையா. நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல மட்டும் நாலு அடி. அளவு தப்பினதுன்னு நோட்ல எழுதிட்டேன்.

ஆலோசகர் முட்டி போட்டு போட்டோ எடுத்தார். "ஐரோப்பிய மாலை வேலைப்பாடு. ரொம்ப அபூர்வம்!" செ.பொ.வுக்கு ஒரே சந்தோஷம். கண்ணாடி போடணுமாம், லைட் வைக்கணுமாம், திறப்பு விழாவுக்கு வர்றவங்க மொதல்ல இதத்தான் பாக்கணுமாம்.

மத்தியானம் புளிசாதம். ஊசிப் போச்சு.

அக்டோபர் 9, வியாழன்

சிரிச்சு சிரிச்சு வயிறு வலி. அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு. வரிசையா எழுதறேன்.

அஞ்சலை சுண்ணாம்புச் சட்டியோட மாடி ஏறி வந்தாங்க. திட்டக்குடி பக்கத்துச் சித்தாள், அம்பது தாண்டினவங்க. சுவரப் பாத்ததும், "ஐய, இதுக்கா கண்ணாடி? வளையலு மேடம் இது!"

"எந்த வளையல்?"

"மாடிக்குத் தளம் அடிக்கறப்ப சுண்ணாம்புக் கலவைய பத்து நாளு ஒரே எடத்துல குந்தி கட்டையால அடிக்கணும். மத்தியானத்துக்கு மேல மேக்கு செவுத்து ஓரந்தான் நெழலு. மொத நாளு காலைல ஈரப் பூச்சுல வளையல அமுக்கிட்டா அது உன் எடம். மேஸ்திரியே வந்தாலும் எழுப்ப முடியாது. பஸ்ல துண்டு போடறதில்ல? அந்த மாதிரிதான்."

அவுங்க கையில இருந்த பித்தளை வளையல ஒரு தடத்துல வெச்சுக் காமிச்சாங்க. தடம் கொஞ்சம் பெருசு. அடுத்ததுல கச்சிதம்.

மாடி முழுக்க வெயில், அந்தச் சுவர் ஓரம் மட்டும் நிழல். மணி மூணு.

எங்கம்மாவும் தளம் அடிச்சவதான். அண்ணாகிராமத்துலேர்ந்து பண்ருட்டி, கடலூர்னு போய் எத்தன மாடி அடிச்சிருக்கும்! அஞ்சலைகிட்ட சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. டிபார்ட்மெண்ட்ல பதினாறு வருஷமா 'விவசாயக் குடும்பம்'னே சொல்லிட்டு வர்றேன். வெக்கமா இருக்கு. அம்மாவ நெனச்சு இல்ல, என்ன நெனச்சு.

அக்டோபர் 10, வெள்ளி

மீட்டிங்ல சொன்னேன். வட்டம் அலங்காரம் இல்ல, சித்தாளுங்க நிழலுக்கு இடம் பிடிச்ச தடம்னு. நல்ல சேதி சொல்றதா நெனச்சேன், மடச்சி.

செ.பொ. முகம் சுருங்கிப் போச்சு. "கூலி ஆளுங்க இடம் புடிச்ச கிறுக்கலுக்கா நான் கண்ணாடி போடறது? செவ்வாய்க்கிழமைக்குள்ள பூசி முடிங்க."

நேத்து வரைக்கும் அபூர்வம். இன்னிக்குக் கிறுக்கல். தடம் அதேதான், சுவரும் அதேதான். ஆலோசகர் போனையே நோண்டிட்டு இருந்தார்.

பஸ்ல வர்றப்ப ஒரு ஆளு பக்கத்துல இருந்தவர்கிட்ட: "மச்சான், பங்களாவுக்கு பெயிண்ட் அடிச்சிட்டாங்க பாத்தியா, துரை துரைதான்!" அந்த ஆளு சட்டையப் புடிச்சு எறக்கிருப்பேன். எறக்கல. என் ஸ்டாப் வந்துடுச்சு.

அக்டோபர் 12, ஞாயிறு

துணி துவைச்சேன். முறுக்கு மாவு அரைச்சாச்சு. கீழ வீதியில கூட்டம் ஜாஸ்தி.

தைலம் தேய்க்கறப்ப அம்மாகிட்ட சொன்னேன். "அத ஏண்டி தோண்டற? பொழப்பு போயிடப் போவுது"ன்னு மொதல்ல கோவம். அப்புறம் அதுவே கேட்டுச்சு, "எத்தன வளையம்?"

"பதினொண்ணு. நடுவுல ஒரு எடத்துல மட்டும் அளவு தப்பிப் போயிருக்கு. நாலு அடி."

"தப்பாவது! கொழந்த கெடக்கற எடம் அது. பால் குடுக்கறவளுக்குப் பக்கத்துல விட்டுடுவோம். அதுல எவளும் வளையல் வெக்க மாட்டா. நீ பண்ருட்டியில ஒரு கல்யாண மண்டபத்து மாடியில அப்பிடித்தான் கெடந்த. சாக்கு மேல."

அழுதேன். அம்மா, "முட்டிய விட்டுட்டியே, தேய்டி"ன்னுச்சு.

பூச விட மாட்டேன். வேலை போனாலும் போவட்டும்.

அக்டோபர் 13, திங்கள்

செ.பொ. ரூம்ல நின்னுட்டே பேசினேன். உக்காரச் சொல்லல.

"பூச முடியாது சார்."

"முடியாதா? உங்களுக்கு ஏன் இவ்ளோ அக்கறை? விவசாயக் குடும்பம்னுதானே சொன்னீங்க?"

"நெலம் இல்லாத விவசாயக் குடும்பம் சார். எங்கம்மா சித்தாள். தளம் அடிச்சவ. நான் மாடி நிழல்ல சாக்கு மேல வளந்தவ."

பதினாறு வருஷம் தொண்டையில வெச்சிருந்தது. சொல்லி முடிச்சதும் பசிச்சுது. ஆச்சரியம்.

மெமோ குடுப்பேன்னார். "குடுங்க சார்." மாத்தல் போடுவேன்னார். "போடுங்க. எங்க போனாலும் மாடி இருக்கும்."

வெளிய வந்து ரெண்டு வடை தின்னேன்.

சாயங்காலம் அஞ்சலைகிட்டயும் சொன்னேன். "அப்ப நம்ம பொண்ணா நீ!"ன்னு முதுகுல ஒண்ணு வெச்சாங்க. சுண்ணாம்புக் கை. சேலை போச்சு.

அக்டோபர் 14, செவ்வாய்

மேகம். ஆறு மணிக்கே சைட்.

மேஸ்திரி சாந்து கலந்து ரெடியா நிக்கறார். "மேடம், பெரிய ஆபீசர் போன் பண்ணாரு, பூசியாச்சான்னு கேட்டாரு. பூசிடவா?"

எம் புக்க எடுத்தேன். முடிஞ்ச வேலைக்கு நான் அளந்து எழுதற புத்தகம். அதுல ஏறின அளவுக்குத்தான் காண்ட்ராக்டருக்கு பில். கதவு, ஜன்னல் மாதிரி பூச்சு இல்லாத எடத்தக் கழிச்சு எழுதிடுவோம், அங்க பூசினாலும் காசு வராது. ஒரு தடவ மையில எழுதிட்டா பக்கத்தக் கிழிக்க முடியாது, அடிக்கணும்னா அடிச்சவங்க கையெழுத்து போடணும். செ.பொ. அடிக்கட்டும். ஏன் அடிச்சேன்னு அவரு பேர்லயே நிக்கும்.

எழுதறப்ப அஞ்சலை எட்டிப் பாத்தாங்க. படிக்கத் தெரியாது. சத்தமா படிச்சுக் காமிச்சேன். மேஸ்திரியும் நின்னு கேட்டுட்டு இருந்தார். சட்டிய எடுத்துட்டு வடக்குச் சுவருக்குப் போயிட்டார்.

புக்ல இருக்கறது அப்படியே:

கழிவு. மேற்குக் கைப்பிடிச் சுவர், உள்பக்கம். நீளம் 6.70 மீ, உயரம் 0.90 மீ. பூசக் கூடாது. தளம் அடித்த பெண்கள் இடம் 11. குழந்தை இடம் 1.