தையல்காரர் தட்டினால் திறக்காதீர்கள்

என்னங்க,

சோறு மூடி வைத்திருக்கிறது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் வந்து தட்டினால் கதவைத் திறக்காதீர்கள், உங்கள் சீட்டாட்டக் கூட்டாளியாகவே இருக்கட்டும். அவர் மனைவி நம் உள்ளறையில் வலி மாத்திரை மயக்கத்தில் தூங்குகிறாள்.

இன்று பெண்களுக்கான கோடை மருத்துவ முகாமில் தீக்காய வகுப்பு. “பேஸ்ட் தடவாதீங்க, தண்ணி ஊத்துங்க” என்றாள் நர்ஸ். தையல்காரர் மனைவி எழுந்து தோளைக் காட்டி, “நேத்தே தடவிட்டேனே, இப்ப என்ன செய்யறது?” என்றாள். இஸ்திரிப்பெட்டி அச்சாகப் பதிந்திருந்தது. நறுவிசான தையல்காரர் அல்லவா, ஓரம்கூடப் பிசகவில்லை.

“சுவத்துல காதை வைக்காதடி” என்று நேற்று திட்டினீர்கள். அந்த அலறல் உங்களுக்கும் கேட்டது. டிவி சத்தத்தைக் கூட்டினீர்கள்.

நர்ஸோடு போலீஸ் ஸ்டேஷன் போகிறேன்.

பி.கு: அவர் கதவை உடைக்கிற மாதிரி தட்டினாலும் டிவியைக் கூட்டுங்கள். அதுதான் உங்களுக்கு நன்றாக வருமே.